மூட்டையைக் கட்டு!

ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள் கொஞ்சம் மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள். அப்பாவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களில், பணம் கேட்காத கடிதம் எத்தனை?

செல்போன் வருவதற்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர்களைத்தான் கேட்கிறேன். 'நலம், நலமறிய ஆவல்' முதல் வரி. இரண்டாவது வரியில் மழை, மூன்றாவது வரியில் மெஸ் பில். நான் பி.காம். படித்தபோது எங்கள் அறையில் ஒருத்தன் இந்தக் கலையில் மன்னன். மற்றவர்களுக்கும் அவனே எழுதிக் கொடுப்பான். கூலி, ஒரு டீ, ஒரு பன். அப்பாக்கள் அசரவில்லை என்றால் கடிதத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும்.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். எண்ணூறு வருடத்துப் பாரம்பரியம் இது.

12, 13-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடிதம் எழுதுவதும் ஒரு பாடம். வாத்தியார்கள் மாதிரிக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே வைத்திருந்தார்கள். நாம் தமிழ் இரண்டாம் தாளுக்குப் படித்தோமே, அதே சமாசாரம்தான். அரசருக்கு எப்படி எழுதுவது, பிஷப்புக்கு எப்படி எழுதுவது என்று எல்லாம் உண்டு. அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு மாதிரி, மாணவன் அப்பாவுக்கு எழுதுவது. ஊரில் விலைவாசி ஏறிவிட்டது, வாடகை கொடுக்கணும், தோல் தாள் வாங்கணும், கொடுத்தனுப்பிய பணம் தீர்ந்துவிட்டது, இந்த ஆள் கையில் உடனே அனுப்பவும். பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டால் போதும், கடிதம் தயார்.

அப்பாக்களுக்கும் மாதிரி பதில் இருந்தது! நீ படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும், மற்ற பையன்கள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நீ நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு திரிகிறாயாமே என்று ஒரு தகப்பனார் பொரிந்து தள்ளுகிறார்.

சரி, அந்தப் பையன்கள் படித்த கல்லூரி எப்படி இருந்தது? கட்டடம், காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், அதில் ஒரு வாட்ச்மேன்?

ம்ஹூம். எதுவும் கிடையாது. இதுதான் விஷயமே.

'யுனிவர்சிட்டி' என்ற வார்த்தைக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு அன்றைக்கு அர்த்தம் பல்கலைக்கழகம் இல்லை. ஒரே தொழிலில் இருக்கிற ஆட்கள் சேர்ந்து வைத்துக்கொள்கிற சங்கம். தச்சர்கள் சங்கம், துணி வியாபாரிகள் சங்கம் மாதிரி படிக்கிறவர்கள் சங்கம். கம்பெனி சட்டம் படித்த எனக்கு இது புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனி என்பது கட்டடமா என்ன? ஆட்கள்தானே!

பாரீஸில் ஆசிரியர்கள் வாடகைக்கு அறை பிடித்துப் பாடம் நடத்தினார்கள். தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். பல வகுப்புகள் நடந்த ஒரு தெருவுக்கு 'வைக்கோல் தெரு' என்றே பெயர் வந்துவிட்டது. 1366-ல் ஒரு விதி, மாணவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது, தரைதான் என்கிறது. காரணம்? பெஞ்சில் உட்கார்ந்தால் திமிர் வருமாம்!

இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே சட்டம் படிக்க ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அசலூர்க்காரன் என்றால் அந்தக் காலத்தில் ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் ஊர்க்காரன் எவனோ கடன் வாங்கிவிட்டு ஓடிப்போனால், கடன் கொடுத்தவர் உங்கள் சட்டையைப் பிடிக்கலாம். "அவன் உங்க ஊர்தானே, நீ கட்டு!" 1150-களில் சக்கரவர்த்தி ஃபிரெடரிக் பார்பரோசா, படிக்க வந்தவர்களை இப்படிப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் சேர்ந்தார்கள். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் தருவது நாம்தானே, அப்படியானால் முதலாளி யார்?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பேராசிரியர் ஒரு நாள் லீவு போடுவதென்றாலும் மாணவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். வெளியூர் போனால், திரும்பி வருவதற்கு உத்தரவாதமாக முன்பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்ததும் ஆரம்பிக்கணும், அடுத்த மணி அடித்ததும் நிறுத்தணும். கஷ்டமான பகுதியைத் தாண்டிக்கொண்டு போனால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையா? அன்றைக்கு வாத்தியார் ஆப்சென்ட். அதற்கும் அபராதம்! அட்டெண்டன்ஸ் குறைந்ததற்காக காண்டொனேஷன் கட்டிய என் போன்றவர்கள், எவ்வளவு தாமதமாகப் பிறந்துவிட்டோம் என்று வருத்தப்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

புத்தகம் வாங்க யாருக்கு வசதி? அச்சு இயந்திரம் வராத காலம். ஒவ்வொரு புத்தகமும் கையால் எழுதப்பட்டது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புத்தகக் கடைக்காரர் சரிபார்க்கப்பட்ட மூலப் பிரதியைக் கட்டுப் பிரித்து, சின்னச் சின்ன பாகங்களாக வைத்திருப்பார். ஒரு பாகத்தை வாடகைக்கு எடுத்துப் போய்ப் பிரதி எடு, திருப்பிக் கொடு, அடுத்த பாகத்தை எடு. ஒரே புத்தகத்தை ஒரே சமயத்தில் பலர் நகல் எடுக்கலாம். வாடகைக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் நிர்ணயிக்கும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்கு இதுதான் கொள்ளுப் பாட்டனார்.

வகுப்பில் குறிப்பெடுத்துவிடலாமே என்கிறீர்களா? அதற்கும் ஆப்பு வைத்தார்கள். 1355-ல் பாரீஸில் ஒரு விதி: யாரும் எழுதிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆசிரியர்கள் கடகடவென்று பேச வேண்டும். அதே விதியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதை எதிர்த்துக் கூச்சல் போட்டாலோ, சீறினாலோ, கல்லெறிந்தாலோ மாணவருக்கு ஒரு வருடம் தள்ளிவைப்பு. நடக்காத விஷயத்துக்கு யாராவது சட்டம் போடுவார்களா!

ராகிங்? ஓ, இருந்ததே. புதுசாக வந்தவனுக்குப் பாரீஸில் 'மஞ்சள் மூக்கு' என்று பெயர். குஞ்சுப் பறவையாம். சீனியர்களுக்கு அவன் விருந்து வைக்கணும். மிரட்டிக் காசு பறிப்பது எல்லை மீறிப் போய், 14-ம் நூற்றாண்டில் தடை போட வேண்டியதாயிற்று. ஜெர்மனியில் புதியவனை ஒரு மிருகமாக பாவித்து, தலையில் கொம்பு வைத்து, அதை அறுத்து எறிந்து 'மனிதனாக்குவது' சடங்காகவே இருந்தது.

இப்போது கொஞ்சம் சீரியஸாக ஒன்று. வயது பதினாலு, பதினைந்து. தெரியாத ஊர். வகுப்பில் லத்தீன், தெருவில் வேறு பாஷை. கையில் காசு இல்லை. வாடகை கேட்கிறவனும், ரொட்டி விற்கிறவனும், மது ஊற்றுகிறவனும் உள்ளூர்க்காரன். இந்தப் பையன்களிடம் நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஊர் திரண்டு வந்தால் எதை வைத்துச் சமாளிப்பது?

ஒன்றே ஒன்று இருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

1209. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாணவனால் ஒரு பெண் இறந்துபோனாள். அவன் ஓடிவிட்டான். ஊர்க்காரர்கள், அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த இரண்டு மூன்று பேரைப் பிடித்தார்கள். மன்னர் ஜானின் சம்மதத்தோடு தூக்கில் போட்டார்கள். செய்த குற்றம்? அவன் ரூம்மேட். அவ்வளவுதான், ஆசிரியர்களும் மாணவர்களும் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அப்படிக் கிளம்பியவர்களில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த ஊர்தான் கேம்பிரிட்ஜ். அங்கே பல்கலைக்கழகம் முளைத்தது இப்படித்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு கடைவீதி என்ன ஆகியிருக்கும்? நீங்களே கணக்குப் போடுங்கள். 1214-ல் ஊர் இறங்கி வந்தது. பத்து வருடத்துக்கு மாணவர்களுக்குப் பாதி வாடகை. ஏழை மாணவர்களுக்காக வருடம் 52 ஷில்லிங். அதோடு வருடம் ஒரு நாள் நூறு ஏழை மாணவர்களுக்குச் சாப்பாடு.

அடுத்தது பாரீஸ், 1229. தவக்காலத்துக்கு முந்தைய திருவிழா நாட்கள். சில மாணவர்கள் புறநகரில் ஒரு மதுக்கடைக்குப் போனார்கள். சரக்கு நன்றாக இருந்தது. பில்தான் நன்றாக இல்லை. வாய் வார்த்தை முற்றி, தலைமுடியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போனது. அக்கம்பக்கத்தார் கூடி மாணவர்களை நையப்புடைத்து அனுப்பினார்கள். மறுநாள் பையன்கள் கட்டைகளோடு கூட்டமாக வந்து, கடையை அடித்து நொறுக்கி, பீப்பாய்களைத் திறந்துவிட்டு, தெருவில் போனவர்களையும் அடித்தார்கள்.

இதில் மாணவர்கள் பக்கம் எந்த நியாயமும் இல்லை. பஸ் டே கலாட்டாவில் கண்ணாடி உடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்து நடந்தது வேறு. ராஜா ஒன்பதாம் லூயிக்கு வயது பதினாலு, ஆட்சி நடத்தியவர் அவருடைய அம்மா பிளான்ஷ். அவர் காவல்காரர்களை அனுப்பினார். அவர்கள் பல மாணவர்களைக் கொன்றுபோட்டார்கள். செத்தவர்கள் கடையை உடைத்தவர்களே இல்லை என்று அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

ஆசிரியர்கள் நியாயம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், ஆறு வருடத்துக்குப் பாரீஸில் வகுப்பே கிடையாது என்று அறிவித்தார்கள். பதில் வரவில்லை. கிளம்பிவிட்டார்கள்!

பக்கத்து ஊர்களுக்குக் கொண்டாட்டம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி, எங்களிடம் வாருங்கள் என்று ஓலை அனுப்பினார். துலூஸ் நகரத்தில் புதிதாகப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தவர்கள் விளம்பரமே வெளியிட்டார்கள். எங்கள் ஊரில் மது மலிவு, ரொட்டி மலிவு, பாரீஸில் தடை செய்த அரிஸ்டாட்டில் புத்தகங்களை இங்கே தாராளமாகப் படிக்கலாம்! இன்றைய அட்மிஷன் சீசன் விளம்பரங்களில் பாதிக்கு இந்த நேர்மை கிடையாது.

இரண்டு வருடம் போயிற்று. பாரீஸின் பழைய மாணவரான போப் ஒன்பதாம் கிரிகோரி தலையிட்டார். 1231 ஏப்ரலில் ஓர் ஆணை வந்தது. மாணவன் கொல்லப்பட்டாலோ, அநியாயமாகக் கைது செய்யப்பட்டாலோ, வகுப்புகளை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. வாடகை நிர்ணயிக்கிற உரிமையைப் பறித்தாலும் அப்படியே. அதாவது ஸ்டிரைக் செய்யும் உரிமை, கையெழுத்து முத்திரையோடு! (அதே ஆணையில் கோடை விடுமுறை ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்றும் இருந்தது. போப் ஒரு கையால் கொடுத்து ஒரு கையால் எடுத்திருக்கிறார்.)

கடைக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காமர்ஸ் படித்தவன் இதைச் சொல்லாவிட்டால் யார் சொல்வது? வீடு உங்களுடையது, வாடகையை முடிவு செய்வது குடியிருப்பவனும் சேர்ந்த ஒரு குழு. அவன் உங்கள் கடையை உடைத்தாலும் ஊர்க் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. படிக்கிறவன் மதகுரு கணக்கில் வருவதால் சர்ச் கோர்ட்டுதான். அவனிடம் மோதினால் ஊரே வருமானத்தை இழக்கும். இந்தக் கோபம் நூறு வருடம் உள்ளேயே புகைந்தால் என்ன ஆகும்?

1355, பிப்ரவரி 10. மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு. பிளேக் அந்த ஊரைச் சூறையாடி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில் இரண்டு பேர் மது மட்டம் என்றார்கள். கடைக்காரர் எகத்தாளமாகப் பதில் சொன்னார். மதுவை அவர் மூஞ்சியில் வீசி, கோப்பையாலும் அடித்தார்கள். ஊர்ச் சர்ச்சில் மணி அடித்தது, ஊர் திரண்டது. பல்கலைக்கழகச் சர்ச்சில் மணி அடித்தது, மாணவர்கள் திரண்டார்கள். மறுநாள் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வில் அம்போடு வந்தார்கள். மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளை உடைத்து நுழைந்தார்கள். மூன்று நாள். காலம் காலமாகச் சொல்லப்படும் கணக்குப்படி செத்த மாணவர்கள் 63. ஊர்க்காரர்கள் சுமார் 30.

உயிர் தப்பியவர்கள் ஓடினார்கள். ஆனால் இந்தத் தடவை இன்னொரு கேம்பிரிட்ஜ் முளைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் மெர்ட்டன், பேலியல், ஓரியல் என்று கல்லூரிகள் எழும்பிவிட்டன. கட்டடம், நிலம், மானியம். இதையெல்லாம் மூட்டை கட்ட முடியுமா? தவிர, 1333-ல் ஒரு கூட்டம் ஸ்டாம்ஃபோர்டு ஊருக்குப் போய்த் தனிக்கடை போட்டபோது, அரசர் மூன்றாம் எட்வர்டு ஆள் அனுப்பி அதைக் கலைத்திருந்தார். ஸ்டாம்ஃபோர்டில் போய்ப் பாடம் நடத்த மாட்டேன் என்று ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்குகிறவர்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. எதுவரைக்கும் தெரியுமா? 1827 வரை!

ஆக, கிளம்பிப் போகிற சக்தி போயிற்று. பதிலுக்கு அரசர் வேறொன்று கொடுத்தார். ஊரின் ரொட்டி, மது விலையையும், எடைக்கல், அளவைகளையும் சோதிக்கிற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. நகராட்சிக்குத் தண்டனை தனி. ஒவ்வொரு வருடமும் அதே நாளில் மேயரும் ஊர்ப் பெரியவர்களுமாக 63 பேர் சர்ச்சுக்கு வந்து, செத்தவர்களுக்கான பூஜையில் நின்று, தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும்.

1825-ல் ஒரு மேயர், "போதும்பா" என்று வர மறுத்துவிட்டார். அத்தோடு அந்த வழக்கம் நின்றது. ஒரு வருடமும் தவறாமல் கட்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு, பழைய புத்தியில் கூட்டிப் பார்த்தேன். சுமார் 123 பவுண்டு வருகிறது.

1955, பிப்ரவரி 10. சரியாக அறுநூறு வருடம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நகர மேயருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. நகரம் துணைவேந்தரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. மது மட்டமாகத்தான் இருந்ததா என்பதை மட்டும் அன்றைக்கும் யாரும் விசாரிக்கவில்லை.