செம்பின் மூன்று நிறங்கள்

தியாகராய நகர்ப் பாத்திரக் கடையில் தகதகவென்று மின்னும் புதுச் செப்புக்குடம், வீட்டுக்கு வந்த சில வாரங்களில் மங்கிவிடுகிறது. அதன்பின் புளியிட்டுத் துலக்குவதே வழி. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பரம்பரையாக வந்த பழக்கம் இது. ஆனால் குடத்துக்கு அழகு சேர்க்கும் அதே புளி, பழங்காசுக்கு எமனாகிறது.

காரணம், செப்புக்காசைத் தரம்பிரிப்போர் தேய்மானத்தோடு நிறத்தையும் கணக்கில் கொள்வதே. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே தரம்பிரித்தலுக்கு இன்றும் அடிப்படை. அவர் அதை வகுத்ததே தம் நாட்டின் பழைய செப்புக்காசுகளுக்காகத்தான். 1986-இல் பணி தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனம், எண்ணோடு நிறத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. அச்சடித்த நாளின் செந்நிறம் 95 விழுக்காடோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால் ‘சிவப்பு’, 5 விழுக்காட்டுக்கும் குறைந்தால் ‘பழுப்பு’, இடைப்பட்டவை ‘செம்பழுப்பு’.

‘அச்சடித்த நாளின் செந்நிறம்’ என்பதே இங்கு முக்கியம். காற்றும் ஈரமும் கைவியர்வையும் பட்டுச் செம்பின்மேல் பழுப்புப் படலம் படிகிறது. புளியின் அமிலம் அப்படலத்தைக் கரைக்கும்போது வெளிப்படுவது வேறொரு சிவப்பு. பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். ‘துலக்கப்பட்டது’ என்று காசு ஒதுக்கப்படும்.

நம் சென்னைக்கு இதில் ஒரு விசித்திரமான பங்குண்டு. சென்னை மாகாணத்தின் புழக்கத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி, பர்மிங்காமை அடுத்த சோஹோ அக்கசாலையில் 10 காசு, 20 காசு நாணயங்களை அடித்தது. ஒருபுறம் கம்பெனியின் இலச்சினை; மறுபுறம் பாரசீக எழுத்து. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது அன்றைய கணக்கு. 1808-ஆம் ஆண்டு பொறித்த காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களின் நடுவில் அக்காசுகள் பெருமளவில் மீட்கப்பட்டன. கடல்நீர் அரித்தவை பல. ஆயினும் பீப்பாய்க்குள் இறுகப் பொதிந்திருந்தவற்றுள் செந்நிறம் மாறாதவையும் இருந்தன.

அவற்றின் சிவப்புக்கு ஒரே காரணம், அவை சென்னைக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான். வந்து சேர்ந்த காசுகளோ உப்புக்கும் எண்ணெய்க்கும் கூலிக்கும் கைமாறிப் பழுப்பேறின. சேகரிப்போர் சந்தையில் சிவப்புக்கே விலை அதிகம். அதில் நமக்குப் பிணக்கில்லை. எனினும் இந்நகரின் வரலாற்றைத் தேடும் நமக்குச் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பழுப்புக்காசே. ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் அப்படியொன்று கிடைத்தால் துலக்காதீர்கள். அந்தப் பழுப்பு அழுக்கன்று. அக்காசு வாழ்ந்த வாழ்க்கை.