ஆடு என்றால் ஹலால் ஆகுமா? 2018 எழும்பூர் இறைச்சிச் சோதனை: ஒரு மறுவாசிப்பு

2018 நவம்பர் 17 அன்று ஜோத்பூர் விரைவு ரயிலில் வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி சென்னை எழும்பூரில் பறிமுதல் செய்யப்பட்டது. வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறி என்ற பேச்சு பரவியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து, அது ஆட்டிறைச்சியே என்றது. ஹலாலின் மெய்ம்மையை ஆய்வகமே நிறுவிவிடும் என்று வாதிடும் ஆய்வு மரபு இத்தகைய முடிவுகளைத்தான் சான்றாகக் கொள்கிறது. அந்த வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

கல்லூரியின் முன்னிருந்த கேள்வி ஒன்றே: இது எந்த விலங்கு? அதற்கு வந்த விடை ஓர் அவதூறைத் துடைத்தது. அதன் மதிப்பு பெரிது. ஆனால் குர்ஆனின் 5:3 வசனம் விலக்குவனவற்றைச் சொல்லத் தொடங்கும் வரிசையைப் பாருங்கள்: தானே செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை இந்நான்கில் மூன்றாவதற்கு மட்டுமே விடை தரும். ஓதி அறுத்த ஆட்டுக்கும் நோயில் செத்த ஆட்டுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். வேலூர் லாங் பஜாரில் கறி வாங்குபவர் "யார் அறுத்தது, பாய்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியைப் பிசிஆர் கருவியிடம் கொண்டுபோக முடியாது.

வியப்பு என்னவென்றால், முதல் இரண்டு விலக்குகளைப் பற்றி வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிலுக்கு நெடுநாளாகவே தெரியும். இரத்தம் சரியாக வடியாத விலங்கின் தோலில், பதனிட்ட பிறகும் இரத்தக் குழாய்களின் தடம் தெரியும். செத்த மாட்டின் தோலும் அறுத்த மாட்டின் தோலும் ஒரே விலைக்குப் போவதில்லை. ஆகவே இறைச்சியில் எஞ்சும் ஹீமோகுளோபினை அளக்கும் ஆய்வுகள், பிசிஆரைவிட ஹலாலின் கருத்துக்கு ஒரு படி நெருக்கமானவை என்பேன். அவையும் முழு விடை ஆகா. இரத்தம் நன்றாக வடிந்திருப்பது, அறுத்தவர் இறைவன் பெயரைச் சொன்னார் என்பதற்குச் சான்றாகாது.

வெந்த பிரியாணிக் கறியில் டிஎன்ஏ சிதைந்துவிடுமே என்ற தடையைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. சிறு துண்டுகளைத் தேடும் சோதனைகள் அதைக் கடந்துவிட்டன. ஜெலட்டின் கதை வேறு. தோலையும் எலும்பையும் அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும்போது டிஎன்ஏ பெரும்பாலும் அழிந்துபோகிறது. மாட்டையும் பன்றியையும் பிரித்தறியக் கொலாஜனின் பெப்டைடுகளை நிறை நிறமாலைமானியில் தேட வேண்டும். அங்கும் கிடைப்பது விலங்கின் பெயர் மட்டுமே.

எனவே ஆய்வகங்களுக்கு என் வேண்டுகோள் இது: அறிக்கையில் விலங்கினத்தையும், அச்சோதனை கண்டறியக்கூடிய குறைந்தபட்சக் கலப்பளவையும் எழுதுங்கள். "ஹலால்" என்ற சொல்லை அறுப்பிடத்தில் நின்று கண்டவரின் சாட்சியத்துக்கு விட்டுவிடுங்கள்.