தமிழ் (இலங்கை): அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

கணினி மென்பொருள்களின் மொழித்தெரிவுப் பட்டியலில் 'தமிழ்' என்பதையடுத்து இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நாட்டுப்பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இடம்பெறுவதை வாசகர்கள் கண்டிருப்பர். சர்வதேச நியமத்தில் ரி, ஏ என்பன தமிழ்மொழிக்குரிய எழுத்துகள். எல், கே என்பன இலங்கைக்குரியவை. இவ்விரண்டும் இணைந்ததே 'தமிழ் (இலங்கை)'.

இதனை 'இலங்கைத் தமிழ்' என்று சுருக்கினால் என்ன என்று கேட்போர் உளர். ஏனைய நாடுகளில் இது சிறு விடயமாகலாம்; மட்டக்களப்பு வாவியின் கரைகளில் அவ்வாறன்று. இந்நாட்டின் குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைத் தமிழர்' என்பது ஓர் இனத்தின் பெயர். 'இலங்கைச் சோனகர்' என்பது வேறோர் இனத்தின் பெயர். ஆகவே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மாணவர், 'இலங்கைத் தமிழ்' என்ற பெயரில் தமக்கு இடமுண்டா என ஐயுற நியாயமுண்டு. மலையகத் தமிழருக்கும் இவ்வையம் பொருந்தும். அடைப்புக்குறி மொழியை ஒன்றாகவே வைத்து, வழங்கும் நிலத்தை மட்டும் சுட்டுகின்றது. எமது தெரிவும் அதுவே.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் 'மறுகா' என்பதும் 'வட்டை' என்பதும் இரு சமூகத்தாரதும் சொற்கள். மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ் எழுத்து வழக்குக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டறிஞர் கமில் சுவலபில் 1966இல் எழுதினார். வேறுபாடுகளும் உண்டு. இலங்கை முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் 'தாத்தா' மூத்த சகோதரி, தமிழகத்திலோ பாட்டனார். உறவுமுறைப் பட்டியலை மொழிபெயர்ப்பவர் இதனை அறியாதிருப்பின் நகைப்புக்கே இடமாகும்.

பெயர்ப்பிணக்கு எமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயினின் வலென்சியா மாநில மக்கள் தம் மொழியை வலென்சியன் என்பர். அண்டை மாநிலத்தார் கற்றலன் என்பர். இரண்டும் ஒரே மொழியே என வலென்சிய மொழிக்கழகம் 2005இல் அறிவித்தது. மென்பொருளாளர்கள் கற்றலன் குறியீட்டுக்குப் பின்னால் 'வலென்சியா' என்ற ஒட்டைச் சேர்த்து இரு தரப்பையும் அமைதிப்படுத்தினர். மொல்டோவாவின் மொழிக்கு வழங்கப்பட்டிருந்த தனிக்குறியீடு 2008இல் கைவிடப்பட்டு ருமேனிய மொழிக்குறியீட்டுடன் இணைக்கப்பட்டது. அந்நாட்டு நாடாளுமன்றம் தன் சட்டங்களில் 'ருமேனிய மொழி' என எழுத முடிவெடுத்ததோ 2023இலேதான். சீனமொழிக்கு நாட்டைச் சுட்டாது எளிய எழுத்து, மரபு எழுத்து எனப் பிரிக்கும் முறையும் உண்டு. அம்முறையைப் பின்பற்றின், அரபு எழுத்தில் எழுதப்படும் அறபுத்தமிழுக்கும் தமிழ்க்குறியீட்டின் கீழேயே இடமளிக்க இயலும் என்பது பலர் கவனியாத செய்தி.

எனினும் எமது கவலை பெயர்ப்பலகையைவிட உள்ளிருக்கும் சரக்கைப் பற்றியது. இலங்கையைத் தெரிவு செய்தாலும் பல செயலிகளில் 'அக்டோபர்', 'ஆகஸ்ட்' என்றே திகதி தோன்றுகின்றது. எமது பத்திரிகைகளும் பாடநூல்களும் எழுதுவதோ 'ஒக்டோபர்', 'ஓகஸ்ட்'. யூனிகோட் கூட்டமைப்பின் வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் இலங்கைக்கெனத் தனியே குறிக்கப்பட்டவை மிகச் சிலவே. எஞ்சியவை பொதுத் தமிழ்ப் பட்டியலிலிருந்து தாமாகவே வந்துவிடுகின்றன. அப்பட்டியல் தமிழக வழக்கைத் தழுவியது. இதில் தமிழகத்தாரைக் குறைகூறுவதற்கில்லை. அவர்கள் எழுதி அனுப்பினர், நாம் அனுப்பவில்லை.

1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அன்று கலைச்சொல்லாக்கத்தில் இப்பிரதேசம் முன்வரிசையில் இருந்தது. களஞ்சியத்துக்கான திருத்தங்களை எவரும் முன்மொழியலாம். குறிப்பிட்ட காலப்பகுதிகளில் அவை வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கூடி, மாதப்பெயர்கள், ஹிஜ்ரி மாதங்களின் எழுத்துமுறை, உறவுப்பெயர்கள் ஆகிய மூன்றையேனும் இணக்கத்துடன் தொகுத்து அனுப்புதல் வேண்டும். ஹிஜ்ரி மாதங்களில் 'ரமழான்', 'ரமலான்' என்ற இழுபறி முதலிலேயே எழும். அதனை உலமாக்களும் மொழியியலாளரும் ஒரே மேசையில் இருந்து தீர்த்துக்கொள்ளட்டும்.