ஸ்கேனர் வானொலி: பேச்சுக் குழுக்களைப் பிரித்து வைப்பது எப்படி?

அமெரிக்காவில் தீயணைப்புப் படையினர், போலீசார், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பொதுமக்களும் கேட்பதற்குப் பயன்படும் கையடக்க வானொலிக்குத்தான் ஸ்கேனர் என்று பெயர். பார்ப்பதற்கு வாக்கி டாக்கி போலவே இருக்கும். ஆனால் இதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. காட்டுத் தீயும் சூறாவளியும் வரும் ஊர்களில் இதை வீட்டில் வாங்கி வைத்திருப்போர் உண்டு. தீ எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தச் சாலையை மூடுகிறார்கள் என்பது தொலைக்காட்சியில் வருவதற்கு முன்பே இதில் காதில் விழுந்துவிடும். ஆனால் கருவிக்குள் இருக்கும் பட்டியல்கள் தாறுமாறாக இருந்தால், பக்கத்துத் தெருவில் தீ எரியும்போது ஸ்கேனர் குப்பை லாரி ஓட்டுநர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முன்பு ஒரு துறைக்கு ஓர் அலைவரிசை என்று நிரந்தரமாக ஒதுக்கியிருந்தார்கள். டிரங்கிங் முறையில் அப்படி இல்லை. தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒரு மண்டோரின் கீழ் இருக்கும் ஆட்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். ஆனால் இன்று அவர்களுக்கு எந்தக் காட்டில் வேலை என்பது காலையில் பெரட்டில் சொன்னால்தான் தெரியும். டிரங்கிங்கில் அந்த ஆட்களுக்குச் சமமானதுதான் டாக் குரூப் எனப்படும் பேச்சுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் உண்டு. பெரட்டின் வேலையைக் கட்டுப்பாட்டு அலைவரிசை செய்கிறது. யாராவது பேசும் பொத்தானை அழுத்தியதும், அந்தக் குழு இப்போது எந்த அலைவரிசைக்குப் போக வேண்டும் என்று அது அறிவிக்கும். ஸ்கேனர் அந்த அறிவிப்பைப் படித்துப் பின்தொடரும். அதனால் இங்கே பட்டியலிட வேண்டியது குழு எண்களைத்தான்.

எண்களின் உருவம் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும். மோட்டோரோலா டைப் 2 முறையில் குழு எண் எப்போதும் 16-இன் மடங்காக இருக்கும். 1616 என்ற குழு திரையில் 1618 என்று தெரிந்தால் அது புதுக் குழு அல்ல. அதே குழுவில் யாரோ அவசரப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இது தெரியாதவர்கள் ஒரே குழுவை இரண்டு மூன்று எண்களில் சேமித்துவிடுவார்கள். எடாக்ஸ் முறையில் 05-041 போல எழுதுவார்கள்: முதலில் துறை, அடுத்து அதன் பிரிவு, கடைசி இலக்கம் உட்பிரிவு. இப்போது அதிகம் புழங்கும் பி25 முறையில் 16 பிட் கொண்ட வெறும் எண்தான். அதைப் பார்த்து யாருடையது என்று ஊகிக்க முடியாது. எனவே எண்ணைச் சேமிக்கும்போதே பெயரையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்ட பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை.

பழைய ஸ்கேனர்களில் நினைவகம் வங்கி வங்கியாகப் பிரிந்திருக்கும். ஒரு வங்கியில் போட்டது அங்கேயே கிடக்கும். ஜிஆர்இ நிறுவனத்தின் பிஎஸ்ஆர்-500 போன்ற கருவிகள் அதை மாற்றின. அவற்றில் 20 ஸ்கேன் லிஸ்ட்கள் உண்டு. ஒரே பேச்சுக் குழுவைத் தேவைப்பட்ட எல்லா லிஸ்ட்டிலும் சேர்க்கலாம், மறுபடி ஒரு முறை எண்ணை அடிக்க வேண்டியதில்லை. யூனிடன் கருவிகளில் ஏற்பாடு வேறு: கட்டமைப்புக்குள் பிரிவு, பிரிவுக்குள் குழுக்கள். ஒவ்வொன்றையும் திறக்கவும் மூடவும் விரைவு எண்கள் இருக்கும். எஸ்டிஎஸ்100 போன்ற பின்வந்த கருவிகளில் இதற்கெல்லாம் மேலே விருப்பப் பட்டியல்கள் வந்துவிட்டன.

பெரும்பாலோர் துறைவாரியாகப் பிரிக்கிறார்கள்: லிஸ்ட் ஒன்று போலீஸ், இரண்டு தீயணைப்பு, மூன்று நகராண்மை. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், கேட்பதற்கு உதவாது. ஒரு பெரிய தீ விபத்தில் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் மூன்றும் வேலை செய்யும். மூன்று லிஸ்ட்டையும் திறந்தால் ஊர் முழுவதும் நடக்கும் பேச்சும் சேர்ந்து கொட்டும். எப்போது கேட்கப் போகிறோம் என்பதை வைத்துப் பிரிப்பதே நல்லது. அன்றாடம் கேட்க ஒரு லிஸ்ட், அதில் அழைப்பு அனுப்பும் குழுக்கள் மட்டும். புயல் அல்லது தீ நேரத்துக்கு இன்னொன்று. அதில் அழைப்புக் குழுவோடு, சம்பவ இடத்தில் பேசும் குழுக்கள், சாலை மூடும் போலீஸ் குழு, மீட்புக் குழு எல்லாம் இருக்க வேண்டும். சம்பவ இடக் குழுக்களை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. வண்டியை அனுப்பும் குரல் மட்டும் கேட்கும். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் வேறு குழுவுக்கு மாறிவிடுவார்கள், ஸ்கேனரோ மௌனமாக இருக்கும்.

இன்னொரு சங்கதி. ஒரே கட்டமைப்புக்குள் நூறு குழுக்களைச் சேர்த்தாலும் ஸ்கேனரின் வேகம் அதிகம் குறையாது, ஏனென்றால் அது படிப்பது ஒரே கட்டுப்பாட்டு அலைவரிசையைத்தான். வேகத்தைத் தின்பது கட்டமைப்புகளின் எண்ணிக்கைதான்; ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்து வர வேண்டும். ஆனால் குழுக்கள் கூடினால் வேறு தொல்லை வரும். ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் கேட்கும். அது வெட்டிப் பேச்சில் நின்றுகொண்டிருக்கும்போது முக்கியமானது கடந்து போய்விடும். இருக்கும் ஊரின் அஞ்சல் குறியீட்டை அடித்தால் போதும், எல்லாக் குழுக்களையும் தானே திறந்துகொள்ளும் வசதி சில யூனிடன் கருவிகளில் உண்டு. முதல் நாளுக்கு அது சரி. ஒரு வாரம் அப்படியே விட்டால் காது வலிக்கும்.

மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டமைப்பு, பல கோபுரங்கள். அங்கே புதியவர்கள் குழம்புவது வழக்கம்: எண் சரி, பெயர் சரி, ஆனால் சத்தமே வராது. காரணம், ஒரு குழுவின் வானொலி ஏதாவது ஒன்று ஒரு கோபுரத்தில் பதிவாகியிருந்தால்தான் அந்தக் கோபுரம் அந்தக் குழுவின் பேச்சைச் சுமக்கும். தொலைதூர மாவட்டத்துக் குழுவைப் பட்டியலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அருகில் உள்ள கோபுரத்தைத் தேர்ந்து, அதில் உண்மையிலேயே கேட்கும் குழுக்களை மட்டும் வைக்க வேண்டும். எவை என்று கண்டறிய எல்லா எண்களையும் ஏற்கும் தேடல் முறை இருக்கிறது. அதைத் தனி லிஸ்ட்டில் வைத்து, நேரம் கிடைக்கும்போது மட்டும் திறக்கலாம். அன்றாட லிஸ்ட்டோடு கலந்தால் எல்லாப் பிரிப்பும் வீண்.

மறையாக்கம் செய்யப்பட்ட குழுக்களை எந்தக் கடை ஸ்கேனராலும் கேட்க முடியாது. டென்வர் போலீஸ் 2019-இல் மறையாக்கத்துக்கு மாறியது. நியூயார்க் போலீஸ் 2023-இல் தொடங்கியது. அத்தகைய எண்களை அழிக்காமல் பூட்டி வைப்பது நல்லது. அழித்தால் அடுத்த தேடலில் திரும்பவும் புதுக் குழுவாக வந்து நிற்கும்.

மலேசியாவில் இதை வாங்கிப் பார்க்கலாம் என்று நினைப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே அரசாங்கத் துறைகள் பயன்படுத்தும் ஜிர்ன் கட்டமைப்பு டெட்ரா வகையைச் சேர்ந்தது. மேலே சொன்ன அமெரிக்கக் கருவிகள் டெட்ராவைப் படிப்பதில்லை. அதோடு, 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆவது பிரிவு, சட்டபூர்வ அதிகாரமின்றிப் பிறர் தகவல் தொடர்பை இடைமறித்துக் கேட்பதைக் குற்றமாக்குகிறது.

அமெரிக்காவில் வசிக்கும் உறவினர் கையில் ஸ்கேனர் இருந்தால், அவர் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வினாடியாவது தாமதம் வைக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி மட்டும் கேட்கும், பதில் வருவதற்குள் கருவி வேறு பேச்சுக்குப் போய்விடும். முன்னுரிமையை ஓரிரு குழுக்களுக்கு மட்டும் கொடுப்பது போதும். பட்டியல் ஒருமுறை ஒழுங்காக அமைந்ததும் கணினியில் ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளலாம். துறைகள் குழு எண்களை மாற்றும்போது எது பழையது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.