பார்க்காமலே தொட்ட பொத்தான்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரிலிருந்து வடக்கே செல்லும் உட்வர்ட் அவென்யூ என்னும் பெருஞ்சாலையில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. 1995இல் தொடங்கிய விழா இது. சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவளோடு நானும் அதைப் பார்க்கப் போனேன். ஓல்ட்ஸ்மொபில், போன்டியாக், பிளிமத், மெர்குரி என்று இன்று உற்பத்தியில் இல்லாத பெயர்கள் தேர்போல அசைந்து வந்தன. நீண்ட முன்பகுதி, பின்னால் மீன்துடுப்புகள், வெயிலில் கண்ணைப் பறிக்கும் குரோமியம். சாலையோரத்தில் மடக்கு நாற்காலிகளில் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். என்ஜின் மூடியைத் திறந்துவைத்து, கடந்துபோகும் ஒவ்வொரு காரின் ஆண்டையும் குதிரைத்திறனையும் சொன்னார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் தண்ணீர் புட்டிகளையும் பேரக்குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வரிசையில என் கார் வராது" என்றாள் அக்கா.

அவளுடைய கார் 1990ஆம் ஆண்டு ஃபோர்டு டாரஸ். செடான் வகை. துடுப்பும் இல்லை, குரோமியமும் இல்லை. கல்யாணமாகி, கணவரைச் சார்ந்த விசாவில் போனவள் அக்கா. வேலைக்குப் போக அந்த விசாவில் அனுமதி கிடையாது. பனிக்காலத்தில் கடைக்குப் போகக்கூட அத்தான் வரும்வரை காத்திருப்பாள். பேருந்து அரிதாக வரும் புறநகர் அது. பிறகு முதுகலைப் படிப்பில் சேர்ந்து, பல்கலைக்கழகம் தந்த உதவித்தொகையில் மிச்சம்பிடித்து, 1999இல் அந்தப் பழைய காரை வாங்கினாள். விற்பனைக்கூடத்தில் இருந்தவர், அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல், "உங்கள் கணவரோடு வாருங்கள்" என்றாராம். அவள் வேறொரு கடைக்குப் போனாள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதுவரை எந்தச் சொத்தும் அவள் பெயரில் இருந்ததில்லை. அந்தக் கார்தான் முதல்.

"பனி கொட்டுற ராத்திரியில ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஆனா ஜன்னல் பொத்தான் எங்க இருக்குன்னு கைக்கே தெரியும். ஒரு பாதி மேடா இருக்கும்" என்றாள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவளுடைய இடதுகை விரல்கள் காற்றில் அந்தப் பொத்தானைத் தேடிக் காட்டின.

ஊர் திரும்பிய பிறகு அந்த விரல்கள் என் நினைவில் நின்றன. அந்தப் பொத்தானை அப்படி அமைத்தது யார் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை எழுந்தது.

பழைய அமெரிக்கக் கார்களையும் பெண்ணையும் சேர்த்து நினைத்தால் முதலில் வருவது ஒரு நிறம்: இளஞ்சிவப்பு. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி தன் தாய்க்கு என்று கொடுத்த இளஞ்சிவப்பு கேடிலாக் இன்றும் அவருடைய மெம்ஃபிஸ் இல்லத்தில் காட்சிக்கு இருக்கிறது. அந்தத் தாயிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. அதே 1955இல் டாட்ஜ் நிறுவனம் 'லா ஃபெம்' என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சில் 'பெண்' என்று பொருள். ஏற்கெனவே இருந்த கஸ்டம் ராயல் லான்சர் என்ற இரண்டு கதவுக் காருக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும் பூசினார்கள். கூடவே ஒரு கைப்பை, அதற்குள் உதட்டுச்சாயக் கூடு, முகப்பவுடர் டப்பி, சீப்பு, சிகரெட் பெட்டி. இருக்கைத் துணிக்குப் பொருத்தமான மழைச்சட்டை, தொப்பி, குடை. இதற்குக் கூடுதல் விலை 143 டாலர். என்ஜினிலோ ஓட்டும் வசதியிலோ எந்த மாற்றமும் இல்லை. அடுத்த ஆண்டு கைப்பையும் போய்விட்டது. 1957இல் காரே இல்லை. பெண்களுக்குக் கார் பிடிக்காது என்பதற்கு இதைச் சான்றாகச் சொன்னவர்கள் உண்டு. பெண்களுக்குப் பிடிக்காதது அந்தக் கைப்பையாக இருக்கலாம் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. இன்று லா ஃபெம் சேகரிப்பாளர்களின் அரிய பொருள்.

இளஞ்சிவப்பை விலக்கிப் பார்த்தால் வேலை செய்த பெண்கள் தெரிகிறார்கள். பெட்டி தாட்சர் 1939இல் ஹட்சன் நிறுவனத்தில் கார் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். அமெரிக்காவின் முதல் பெண் கார் வடிவமைப்பாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில், போட்டி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த வடிவமைப்பாளர் ஜோ ஓரோஸை மணந்தார். ஒரு வீட்டில் இரண்டு நிறுவனங்களின் இரகசியம் இருக்கக்கூடாது என்பதால் ஒருவர் விலக வேண்டியிருந்தது. விலகியவர் பெட்டி. ஜோ ஓரோஸ் பின்னாளில் ஃபோர்டில் முதல் மஸ்டாங் காரின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மஸ்டாங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர் பெயரை விடுவதில்லை. ஹட்சனின் வரலாற்றில் பெட்டியின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

1950களில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பயிற்சி பெற்ற பெண் வடிவமைப்பாளர்கள் பலரை வேலைக்கு எடுத்தார். நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அவர்களுக்குச் சூட்டிய பெயர் 'டாம்சல்ஸ் ஆஃப் டிசைன்'. வடிவமைப்புக் கன்னியர் என்று தமிழில் சொல்லலாம். சூசன் வாண்டர்பில்ட், ரூத் கிளெனி போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. காரின் வெளியுருவம் அவர்களுக்குத் தரப்படவில்லை, உள்ளறை மட்டும்தான். வீட்டிலும் அப்படித்தானே! 1958இல் அவர்கள் வடிவமைத்த கார்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருண்டுகொள்ளும் இருக்கைப் பட்டையும், குழந்தைகள் திறந்துவிட முடியாத கதவுப் பூட்டும் அவற்றில் இருந்தன. அமெரிக்காவில் எல்லாப் பயணிகள் கார்களிலும் இருக்கைப் பட்டை சட்டப்படி கட்டாயமானது 1968இல்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் விற்ற அழகான கார்களைப் பார்த்துத்தான் இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறோம். ஏர்ல் ஓய்வுபெற்றதும் அவருக்குப் பின் வந்தவர் பெண் வடிவமைப்பாளர்களை விரும்பவில்லை. பெரும்பாலோர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறினார்கள். வாண்டர்பில்ட் மட்டும் 1977வரை தாக்குப்பிடித்தார்.

காரை வடிவமைத்த பெண்களைப் போலவே, அதை ஓட்டிய பெண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் கைதானபோது, இரவோடு இரவாகப் பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டுப் பேருந்துப் புறக்கணிப்புக்கு வித்திட்டவர் ஜோ ஆன் ராபின்சன். அங்கிருந்த கறுப்பினக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. வேலைக்குப் போகிறவர்களைச் சொந்தக் கார்களில் ஏற்றி இறக்கினார்கள். ராபின்சனும் வகுப்புக்கு முன்னும் பின்னும் தன் கிரைஸ்லரில் சவாரி கொடுத்தார். ஒரு நாள் அந்தக் காரின்மீது அமிலம் ஊற்றப்பட்டது. ஊற்றியவர்கள் காவலர் சீருடையில் இருந்தார்கள் என்று பின்னாளில் தன் நூலில் எழுதினார். ஓட்டை விழுந்த அந்தக் காரை அவர் வெகுநாள் விற்கவில்லை. அந்த ஓட்டைகளே தனக்கு அழகாகத் தெரிந்தன என்றும் எழுதியிருக்கிறார். நானும் கல்லூரியில் மொழி கற்பிப்பவள். வகுப்பு முடிந்து அந்தக் காரில் ஏறியிருக்கும் ஆசிரியையை எண்ணிப் பார்க்கிறேன். கீறல் இல்லாமல் மெருகேற்றப்பட்ட கார்களே பரிசு பெறும் எந்த விழாவிலும் அந்தக் கிரைஸ்லருக்கு இடம் இருக்காது.

வயோலா லியூசோ டெட்ராய்ட்டில் வாழ்ந்த வெள்ளையினப் பெண். 39 வயது. ஐந்து குழந்தைகளின் தாய். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1965 மார்ச்சில், செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் தாக்கப்பட்டதைப் பார்த்து, தன் 1963 ஓல்ட்ஸ்மொபிலை எடுத்துக்கொண்டு தனியாகத் தெற்கே போனார். பேரணிக்கு வந்தவர்களை அந்தக் காரில் ஏற்றி இறக்கினார். மார்ச் 25 இரவு, செல்மாவில் ஆட்களை இறக்கிவிட்டு மாண்ட்கமரிக்குத் திரும்பும்போது, கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் இன்னொரு காரில் துரத்தி வந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைகாரர்களின் காரில் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உளவு சொல்பவன் ஒருவனும் இருந்தான். பிறகு அந்தத் துறையிலிருந்தே லியூசோவின் ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு பரப்பப்பட்டது. அருகில் அமர்ந்து பயணம் செய்தவர் ஒரு கறுப்பின இளைஞர் என்பதே போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு ஒரு பெண்கள் இதழ் தன் வாசகிகளிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர், ஐந்து பிள்ளைகளின் தாய் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் பெண்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. நம் வீடுகளிலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லப் பெரும்பாலும் நம்மையே அமர்த்துகிறார்கள்.

அதன் பிறகு அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. குண்டு துளைத்த ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன, கூட்டம் சேர்க்க உதவும் என்னும் பொருள்பட விளம்பரம் செய்தார்கள். பழைய காருக்கு விலை ஏறுவது எப்படி என்று நான் படித்ததில் இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பழைய கார்களின் காலத்தைப் பொற்காலம் என்கிறவர்கள் கடன் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். பெண் தன் சம்பளத்தை மட்டும் காட்டிக் கடன் கேட்டால், கணவரோ தந்தையோ கையெழுத்திட வேண்டும் என்று வங்கிகள் கேட்பது அன்று வழக்கம். பால், மண நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல் வந்தது. அக்காவிடம் "கணவரோடு வாருங்கள்" என்று சொன்னது அதற்கு 25 ஆண்டுகள் கழித்து.

இனி அந்தப் பொத்தான். அதன் பின்னால் இருந்தவர் மிமி வாண்டர்மோலன். நெதர்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 1970இல் ஃபோர்டின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தார். ஆட்குறைப்பில் வேலை போனது. சில ஆண்டுகளில் திரும்ப அழைத்தார்கள். 1986ஆம் ஆண்டு மாடலாக வந்த டாரஸ் காரின் உள்ளறை வடிவமைப்புக்கு அவர் தலைமை வகித்தார். பார்க்காமல் தொட்டே இனங்காணும் பொத்தான்கள், ஓட்டுநர் பக்கமாக வளைந்து கைக்கு எட்டும் முன்பலகை ஆகியவற்றை அந்தக் குழு கொண்டுவந்தது. பெண்ணுக்கு எளிதாக இருக்கும் கார் ஆணுக்கும் எளிதாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற கார் டாரஸ். பெண்ணின் கையை நினைத்துச் செய்த கார்தான் அது. அதற்கு இளஞ்சிவப்பு தேவைப்படவில்லை.

பிறகு உயரமான, பருத்த எஸ்.யூ.வி. வண்டிகளில் இலாபம் கூடுதல் என்பதால் நிறுவனங்கள் செடான்களைக் கைவிட்டன. 2018இல் ஃபோர்டு அமெரிக்காவில் செடான்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் அங்கே டாரஸ் நின்றது. 2020இல் செவ்ரோலெட் இம்பாலா, 2024இல் மாலிபு. மஸ்டாங் மட்டும் இன்னும் ஓடுகிறது. அதற்காகக் கடிதம் எழுத ஆட்கள் இருந்தார்கள். டாரஸுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இரவுப் பணிக்கும் போய்வந்த கார் அது. அதை ஓட்டியவர்களுக்குக் கடிதம் எழுத நேரம் இருந்திருக்காது.

மிமியைப் பற்றி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. "அந்தக் காரை வித்தப்போ அழுதேன்டி. ஒரு காருக்குப் போய் அழறியான்னு உங்க அத்தான் சிரிச்சார்" என்றாள். பழைய பொருளுக்காக ஏங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். உட்வர்ட் அவென்யூவில் கண்கலங்கிய முதியவரின் ஏக்கமும் உண்மைதான். அவர் ஏங்கினால் அதைப் பாரம்பரியம் என்கிறோம். அவள் அழுதால் சிரிக்கிறோம். அதனால்தான் அவள் இருபது ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊர்வலம் முடிந்த மறுநாள் அக்கா என்னை டெட்ராய்ட்டின் வடமேற்கில் உள்ள ஒரு சிறு பூங்காவுக்கு அழைத்துப் போனாள். வயோலா லியூசோவின் பெயரைத் தாங்கிய பூங்கா. 2019இல் அங்கே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வெறுங்காலோடு நடக்கிறார், காலணிகள் கையில் இருக்கின்றன. சிலையில் கார் இல்லை. பக்கத்தில் இரண்டு சிறுமிகள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள். அக்கா சிலையைச் சுற்றி வந்துவிட்டு, காரை நான் ஓட்டிப் பார்க்கிறேனா என்று கேட்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். ஆளில்லாத வாகன நிறுத்தத்தில் சாவியை என் கையில் கொடுத்தாள்.