இருட்டறை மருந்தும் முகத்து மங்கும்

போன தை மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கன்னத்தில் மங்கு விழுந்தது. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டதற்கு ஒரு கிரீம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனதாம். விடுவாளா? நாலு வருஷமாகத் தடவி வருகிறாள். இப்போது கன்னமெல்லாம் சிவப்பு. மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. தாடையோரம் பூனைமுடி. மங்கும் போகவில்லை. "போட்டா நல்லா இருக்கு சித்தப்பா, ரெண்டு நாள் விட்டா எரியுது" என்றாள்.

டியூபை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். மூன்று மருந்துகள். அதில் ஒரு பெயர் எனக்குப் பழைய சிநேகிதன்: ஹைட்ரோகுவினோன்.

கறுப்பு வெள்ளைப் படம் கழுவிய தலைமுறைக்கு அந்தப் பெயர் மறக்காது. எங்கள் கல்லூரி போட்டோ கிளப்பின் இருட்டறையில் டெவலப்பர் கரைசலை நாங்களே கலப்போம். மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட். ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுத்த வெள்ளியாக மாற்றிப் படத்தை வரவழைப்பது அதன் வேலை. காகிதத்தில் கறுப்பை உண்டாக்கும் பொருள் முகத்தில் கறுப்பைப் போக்கும் மருந்தானது எப்படி? அன்றிரவு படிக்க ஆரம்பித்தேன். கதை பெரியது.

அது ஒரு தோல் பதனிடும் ஆலையில் தொடங்குகிறது. 1930களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கைகளில் நிறம் போய் வெளுக்க ஆரம்பித்தது. ரப்பர் கையுறை தொட்ட இடத்தில்தான் வெளுப்பு. ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்க அதில் சேர்த்திருந்த மோனோபென்சோன் என்ற ரசாயனமே காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து 1939இல் எழுதினார்கள். அது ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு. தொழிலாளிகளுக்கு வந்த கேடு, மற்றவர்களுக்கு யோசனையாகத் தோன்றியது: இதையே மருந்தாக்கினால் என்ன?

ஆனால் மோனோபென்சோன் முரட்டு மருந்து. நிறம் தரும் செல்களையே அழித்துவிடும். போன நிறம் திரும்பாது. சாதுவான உறவுக்காரன் ஹைட்ரோகுவினோன். அது செல்லைக் கொல்லாமல், மெலனின் தயாரிக்க உதவும் டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். 1961இல் அதைத் தோலில் பரிசோதித்த கட்டுரை வெளிவந்தது.

அதற்கு முன்பு நிறம் வெளுக்க விற்றவை பெரும்பாலும் பாதரசக் களிம்புகள். அவை சிறுநீரகத்தைக் கெடுப்பவை. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் பாதரச அழகுப் பொருள்களை ஒழிக்கச் சொல்கிறது. ஆனாலும் 2023இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்த நோயாளிகளை விசாரித்தபோது, பலர் அப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் தடவியவர்கள் என்று தெரிந்தது.

1975ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு சேதிகள்.

ஒன்று அமெரிக்காவில். ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரு கலவை அறிவித்தார்கள். ஹைட்ரோகுவினோன் 5 சதவீதம், ட்ரெடினாயின் 0.1 சதவீதம், டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதவீதம். முதலாவது நிறம் உண்டாவதைத் தடுக்கும். இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் உதிர வைத்து மருந்தை உள்ளே விடும். மூன்றாவது இந்த இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கும். மங்குக்கு இன்று உலகெங்கும் தரும் மூன்று மருந்துக் கிரீம்களுக்கெல்லாம் தாய் இதுதான். இந்தக் கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மேல் ஆண்டுக்கணக்கில் தோல் பரிசோதனைகள் நடத்தி, பிற்காலத்தில் கடும் கண்டனத்துக்கு ஆளானவர்.

இன்னொன்று தென்னாப்பிரிக்காவில். நிறவெறி ஆட்சிக் காலம். தோலின் நிறத்தைப் பார்த்து எங்கே குடியிருக்கலாம், என்ன வேலை செய்யலாம் என்று சட்டம் போட்ட நாடு. அங்கே ஹைட்ரோகுவினோன் கிரீம்கள் கடையில் சாதாரணமாக விற்றன, அதிக வீரியத்தில். கொளுத்தும் வெயிலில் வேலை செய்த பெண்கள் அதை ஆண்டுக்கணக்கில் முகம் முழுக்கத் தடவினார்கள். 1975இல் ஃபின்ட்லே என்ற தோல் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அந்தப் பெண்களின் கன்னத்தில் நீலம் பாய்ந்த கறுப்பையும் சிறுசிறு குருக்களையும் கண்டு எழுதினார்கள். ஓக்ரோனோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். வெளுக்கத் தடவிய மருந்தே கறுக்க வைத்தது. கறுத்தவர்கள் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் தடவினார்கள். அந்தக் கறை எளிதில் போவதில்லை.

முதலில் வீரியத்தை 2 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தார்கள். பலனில்லை. தோல் மருத்துவர்களும், கறுப்பு நிறத்தில் தாழ்வில்லை என்று பேசிய கறுப்பின இயக்கத்தாரும் விடாமல் போராடியதில், 1990இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனைத் தென்னாப்பிரிக்கா தடை செய்தது. நிறத்தை வெளுக்கும் என்று விளம்பரம் செய்வதற்கும் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தடுத்தது. அமெரிக்காவில் 2020 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது.

நம் நாட்டுக் கதைக்கு வில்லன் அந்த மூன்றாவது மருந்து, ஸ்டீராய்டு. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கிரீமில் இருப்பது மென்மையான ஸ்டீராய்டு. அதுவும் எட்டு வாரம் வரைதான். நம் ஊரில் பரவலாக விற்றவற்றில் மொமெடாசோன் என்ற, அதைவிட வீரியம் கூடிய ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாயைச் சுருக்கி முகத்தைச் சில வாரத்தில் வெளுப்பாகக் காட்டும். பின்னால் தோல் மெலியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். 2011இல் வெளியான ஆய்வில், நாட்டின் 12 மையங்களுக்கு முகத்தோல் தொந்தரவோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவி வந்தவர்கள். தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்ததில் 2018இல் தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை அரசு மருந்துச் சீட்டுப் பட்டியலுக்குக் கீழ் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. கடையில் கேட்டால் கிடைப்பது இன்னும் நிற்கவில்லை.

அப்படியானால் இந்த மருந்தே கூடாதா? அப்படியல்ல. ஒழுங்காகப் போட்டால் மங்குக்கு இதைவிட நன்றாக வேலை செய்வது குறைவு. தென்னாப்பிரிக்கப் பெண்களும் என் அண்ணன் மகளும் மீறியவை எவை என்று பார்த்தாலே விதிகள் கிடைத்துவிடும். டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும். ராத்திரியில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், மெல்லிசாகத் தடவ வேண்டும். முதலில் ஓர் ஓரத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். எத்தனை வாரம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் குறையவில்லை என்றாலும், கறுப்பு கூடினாலும் நிறுத்திக் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பகலில் சன்ஸ்கிரீன், குடை. இது இல்லாவிட்டால் ராத்திரி போட்ட மருந்தை மறுநாள் வெயில் தின்றுவிடும். கிரீம் பழுப்பாகிவிட்டால் தூக்கி எறியுங்கள். காற்றுப் பட்ட டெவலப்பரும் இப்படித்தான் பழுப்பாகும். பிறகு அதை வைத்துப் படம் கழுவ முடியாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு வந்தால் கிரீம் தேடாதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள். புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி வந்து பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணன் மகளைத் தோல் மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். நாலு வருஷம் போட்டதை ஒரே நாளில் விட்டால் தாங்காது என்று, மெல்ல மெல்லக் குறைக்க வழி சொன்னார். முதல் இரண்டு மாதம் கஷ்டப்பட்டாள். பங்குனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு வர மாட்டேன் என்று அழுதாள். இப்போது எரிச்சல் இல்லை, சிவப்பும் பாதி குறைந்திருக்கிறது. மங்கு கொஞ்சம் இருக்கிறது. "இருந்துட்டுப் போகட்டும் சித்தப்பா" என்கிறாள். வெளியே கிளம்பும்போது மறக்காமல் குடையை எடுத்துக்கொள்கிறாள்.