பெரியாற்றுக்கு இசைவு கிடைத்த வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் வயல்களைக் காண்போர், அந்நீரைக் கொணர எத்தனை பேர் தயங்கினர் என்பதை அறியார். மேற்கே பாயும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணத்தை, 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் வீண் கனவென ஒதுக்கினார். (இவர் மொழிநூல் கண்ட பாதிரியார் அல்லர், விடைத்தாள்களில் இருவரும் ஒருவராவதுண்டு!)

ஆறோ திருவிதாங்கூருடையது. பேச்சு நெடுங்காலம் நீண்டு, 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். பேரரசு கேட்க, சிற்றரசு தந்த இசைவு அது. மனமுவந்து தந்தது என நான் கற்பித்ததில்லை.

1887இல் தொடங்கிய வேலையை வெள்ளம் பன்முறை அடித்துச் சென்றது. பென்னிகுயிக் ஒவ்வொரு வெள்ளத்திலும் கற்று, நீர் வற்றியதும் மீண்டும் கட்டினார். சொத்தை விற்றுக் கட்டினார் என்பர். அதற்கு ஆவணச் சான்று நான் கண்டதில்லை. 1895 அக்டோபரில் வென்லாக் பிரபு அணையைத் திறந்தபின் ஐயம் பேசுவார் இலர்.

வாடகை 1970இல் 30 ரூபாயாக உயர்ந்தது. அக்குத்தகை செல்லும் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.